ஆர்லாண்டோ: டீன் ஏஜ் பிள்ளைகளோடு எங்கே தங்குவது?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஆர்லாண்டோவில் டிஸ்னி தீம் பார்க்கானாலும் யுனிவர்சல் தீம் பார்க்கானாலும் 9 வயது வரைதான் சிறுவர் டிக்கெட். பத்து வயதானால் பெரியவர் விலை. பதின்மூன்றும் பதினாறும் வயதான பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டிக்கெட்டில் மிச்சம் பிடிக்க வழி அதிகம் இல்லை. கை வைக்க முடிந்த செலவு தங்குமிடம்தான். அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரவு வாடகையை மட்டும் பார்த்து புக் செய்வார்கள். போய் இறங்கிய பிறகுதான் பெரியவன் தரையில் படுக்கப்போகிறான் என்பது தெரியும்.

முதலில் கட்டில் கணக்கு. டிஸ்னியின் மலிவான வரிசை ‘வேல்யூ’ ரிசார்ட்டுகள்: ஆல்-ஸ்டார் மூவீஸ், ஆல்-ஸ்டார் மியூசிக், ஆல்-ஸ்டார் ஸ்போர்ட்ஸ், பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன். இவற்றின் சாதாரண அறை சுமார் 260 சதுர அடி, நான்கு பேருக்கு. பாப் செஞ்சுரியில் இரண்டு குயின் கட்டில் (இருவர் படுக்கும் அளவு). அதில் ஒன்று சுவரோடு மடிந்திருக்கும். அதை இறக்கினால் கட்டில், ஏற்றினால் அதே இடத்தில் மேசை. கட்டில் இறங்கியிருக்கும்போது உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. ஒரே பாத்ரூம். காலையில் நான்கு பெரிய ஆட்கள் வரிசையில் நின்றால், ரிசார்ட்டில் தங்குவோருக்குத் தினமும் தரப்படும் அரை மணி நேர முன் நுழைவு (பார்க் திறக்கும் முன்பே உள்ளே போகும் சலுகை) அந்தக் கதவுக்கு முன்னாலேயே போய்விடும்.

ஐந்து பேர் என்றால் சிக்கல் கூடுகிறது. போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைட், கரீபியன் பீச் போன்ற அடுத்த நிலை ரிசார்ட்டுகளில் சில அறைகள் ‘ஐந்து பேருக்கு’ என்று வரும். அந்த ஐந்தாவது படுக்கை சிறு பிள்ளைக்கென்று செய்தது. மீசை முளைத்த பையன் அதில் காலை நீட்ட முடியாது. ஆறு பேருக்கான ஃபேமிலி சூட்டுகள் ஆல்-ஸ்டார் மியூசிக்கிலும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலும் உண்டு. கதவு போட்ட ஒரு படுக்கையறை, வெளியே சோபா கட்டிலும் மடக்குக் கட்டிலும், இரண்டு பாத்ரூம், மைக்ரோவேவ், சின்ன ஃப்ரிட்ஜ். வசதிதான், ஆனால் விலை ஏறும். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் சூட்டின் விலையைப் பார்த்த கையோடு, அதே தேதிகளுக்கு ஆல்-ஸ்டாரில் இரண்டு சாதாரண அறைகளின் விலையையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு அறைகள்தான் மலிவாக நிற்கும். நான்கு குயின் கட்டில், இரண்டு பாத்ரூம், நடுவில் ஒரு கதவு. டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த நடுக்கதவில்தான் ஏமாற்றம் வரும். பக்கத்துப் பக்கத்து அறை வேறு, உள்கதவால் இணைந்த அறை வேறு. நீங்கள் கேட்க வேண்டியது ‘கனெக்டிங்’. ‘அட்ஜாயினிங்’ என்று சொன்னால் வராந்தாவில் இறங்கி நடந்து போய்த்தான் பிள்ளைகளின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். ஒவ்வோர் அறையின் புக்கிங்கிலும் ஒரு பெரியவர் பெயர் வேண்டும் என்பதால், அப்பா ஒன்றிலும் அம்மா ஒன்றிலுமாகப் பதிவு செய்யுங்கள். இரண்டு புக்கிங்கையும் இணைக்கச் சொல்லிப் போன் செய்வது அவசியம். இணையத்தில் குறிப்பு எழுதிவிட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொரு வயது வரம்பு 18. டிஸ்னியில் ஓர் அறையில் 18 வயது நிரம்பியவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருந்தால், கூடுதல் ஆள் ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. கல்லூரிக்குப் போகும் மகளும் பாட்டியும் கூட வருவதானால் இரண்டு அறைகளாகப் பிரிப்பது இங்கேயும் கைகொடுக்கும்.

இனி டிஸ்னிக்கு வெளியே உள்ள ஓட்டல்கள். அறை 110 டாலர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். ஒரு மாதிரிக் கணக்கு: அறை 110, ரிசார்ட் கட்டணம் (வாடகைக்கு மேல் ஓட்டல் கட்டாயமாக வாங்குவது) 35, ஆக 145. ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுன்ட்டியில் விற்பனை வரியும் சுற்றுலா வரியும் சேர்ந்து 12.5 சதவீதம், அது ரிசார்ட் கட்டணத்துக்கும் உண்டு. 163 ஆயிற்று. ஓட்டலில் கார் நிறுத்த 15 என்று வையுங்கள்: 178. டிஸ்னி பார்க்கில் கார் நிறுத்த ஒரு நாளைக்கு 30 டாலருக்குக் குறையாது: 208. இதே தேதியில் பாப் செஞ்சுரி 165 டாலருக்குக் கிடைத்தால் வரியோடு சுமார் 186. அங்கே ரிசார்ட் கட்டணம் கிடையாது. இரவு பார்க்கிங்குக்கு 2023 ஜனவரியிலிருந்து காசு இல்லை. தங்குவோருக்குத் தீம் பார்க்கிலும் பார்க்கிங் இலவசம். 110 என்று தொடங்கியது பாப் செஞ்சுரியைவிட 22 டாலர் கூடுதலில் போய் நிற்கிறது. 2025 மே 12 முதல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதிப்படி கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். ஆனால் அரசு வரியையும், விருப்பம் என்ற பெயரில் வரும் பார்க்கிங்கையும் பின்னால் காட்டலாம். ஆகவே கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள்.

கார் இல்லாதவர்கள் வேறு விதமாக யோசிக்க வேண்டும். ஏர்போர்ட்டிலிருந்து டிஸ்னி ரிசார்ட்டுக்கு இலவச பஸ் ஓடிய காலம் 2022 ஜனவரியோடு முடிந்தது. ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் சின்ன டாக்சியில் ஏற முடியாது, பெரிய வண்டிதான். போக வர இரண்டு முறை. ரிசார்ட்டுக்குள் வந்துவிட்டால் டிஸ்னி பஸ்கள் இலவசம். கூட்டம் குறைந்த நாட்களில் ஆல்-ஸ்டார் மூன்றுக்கும் ஒரே பஸ் சுற்றி வரும். கடைசி நிறுத்தத்தில் ஏறுபவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பது சிரமம். பாப் செஞ்சுரிக்கும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனுக்கும் நடுவில் ‘ஸ்கைலைனர்’ கேபிள் கார் நிலையம் இருக்கிறது. எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்ற இரண்டு டிஸ்னி பார்க்குகளுக்கும் அது போகும். மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் போகப் பழையபடி பஸ்தான். கோடைப் பிற்பகலில் இடி மின்னல் வந்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். ஃபுளோரிடாவில் கோடை முழுக்க அந்த மழை வாடிக்கை, எனவே பஸ் நிறுத்தம் எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். டிஸ்னி பார்க்குகளில் 14 வயது நிரம்பிய பிள்ளைகள் பெரியவர் துணையின்றி நுழையலாம். பெற்றோர் நீச்சல் குளத்தில் கிடக்க, பிள்ளைகள் தாங்களே பஸ் ஏறிப் போய் வரக்கூடிய ரிசார்ட் என்பது அந்த வயதில் பெரிய வசதி.

பெரிய ரோலர் கோஸ்டர்தான் முக்கியம் என்ற வயது வந்துவிட்டால் யுனிவர்சல் பக்கம் தங்குவதே பொருத்தம். 2014இல் திறந்த கபானா பே ரிசார்ட்டின் ஃபேமிலி சூட்டில் ஆறு பேர் தங்கலாம்: இரண்டு குயின் கட்டில், ஒரு சோபா கட்டில், மைக்ரோவேவோடு சின்னச் சமையல் மேடை. பாத்ரூம் ஒன்றுதான், ஆனால் கழிப்பறை, குளியல், கைகழுவும் இடம் என்று மூன்றாகத் தடுத்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று பேர் தயாராகலாம். இந்த ஒரு யோசனைக்காகவே அதைக் கட்டியவரைப் பாராட்டத் தோன்றும். இரண்டு நீச்சல் குளம், பவுலிங், வால்கேனோ பே நீர்ப் பூங்காவுக்குத் தனி வாசல், பார்க்குகளுக்கு நடைபாதை. அதைவிட மலிவு சர்ஃப்சைட் இன், டாக்சைட் இன். பழைய ‘வெட் அண்ட் வைல்ட்’ நீர்ப் பூங்கா இருந்த நிலத்தில் வந்தவை. இரண்டு படுக்கையறை சூட்டில் மூன்று குயின் கட்டில், ஆறு பேர். பிள்ளைகளுக்குத் தனிக் கதவு. ஐ-4 நெடுஞ்சாலைக்கு மறுபக்கம் என்பதால் நடக்க முடியாது, ஓட்டல் பஸ்தான். யுனிவர்சல் ஓட்டல்களில் ரிசார்ட் கட்டணம் இல்லை, பார்க்கிங்குக்கு இரவுதோறும் உண்டு. குடும்பத்தில் ஒருவரிடம் யுனிவர்சல் ஆண்டுப் பாஸ் இருந்தால் அறை வாடகையில் தள்ளுபடி கேட்கலாம்.

யுனிவர்சலில் தெரிந்தவர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் மூன்றிலும் தங்கும் எல்லாருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் (நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடில் ஏறும் பாஸ்) அறையோடு வரும். வந்து சேரும் நாள், காலி செய்யும் நாள் இரண்டுக்கும் அது செல்லும். ஆக ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் பாஸ். அறை தயாராகாவிட்டாலும் காலையிலேயே போய்ப் பதிந்து பாஸை வாங்கிக்கொண்டு பார்க்குக்குப் போய்விடலாம். நான்கு பேருக்கு இரண்டு நாள் பாஸைத் தனியாக வாங்கும் விலையோடு ஒப்பிட்டால், கூட்டமான நாட்களில் ராயல் பசிபிக்கில் ஓர் இரவே மலிவு. மற்ற இரவுகளுக்குச் சர்ஃப்சைட். 2025 மே மாதம் திறந்த யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ் பார்க்கில் இந்தப் பாஸ் செல்லாது; அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

தேதி விஷயத்தில் நியூஜெர்சி, நியூயார்க் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு யோகம். ஃபுளோரிடா, ஜார்ஜியா, டெக்சாஸ் பள்ளிகள் ஆகஸ்டிலேயே திறந்துவிடும்; நியூஜெர்சியில் பெரும்பாலும் லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) கழிந்துதான். ஆகஸ்ட் கடைசி வாரம் உங்களுக்கு விடுமுறை, அங்கே கூட்டம் குறைவு, அறை விலை சரியும். வெயிலைத் தாங்க வேண்டும், அவ்வளவே. புயல் பருவம் என்ற பயம் நியாயமானது. ஆர்லாண்டோ பகுதிக்கோ உங்கள் ஊருக்கோ, வந்து சேரும் தேதிக்கு ஏழு நாளுக்குள் சூறாவளி எச்சரிக்கை வந்தால், டிஸ்னியில் நேரடியாக எடுத்த அறையை அபராதமின்றி மாற்றலாம். வேறு நிறுவனத்தின் இணையதளத்தில், பணம் திரும்பக் கிடைக்காத விலையில் வாங்கியதற்கு அது பொருந்தாது. நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் மாநாட்டுக்காக நியூஜெர்சி பள்ளிகள் மூடும் வாரம் நேர்மாறு. இந்தியர் நிறைந்த நியூஜெர்சி ஊரான எடிசனில் பாதியை ஆர்லாண்டோவில் பார்க்கலாம், விலையும் அதற்கேற்ப.

டிஸ்னியில் அறையை மட்டும் தனியாக எடுத்தால் முன்பணம் ஓர் இரவு வாடகை. ஐந்து நாள் முன்பு வரை ரத்து செய்தால் முழுதும் திரும்பும். டிக்கெட்டோடு பேக்கேஜாக எடுத்தால் அந்த வசதி 30 நாளோடு முடிந்துவிடும். அதனால் அறையைத் தனியாக முன்பே பிடித்து வைத்துவிட்டு, தள்ளுபடி அறிவிப்பு வரும்போது புதிய விலையில் எடுத்துப் பழையதை விடுங்கள். லாபிக்குப் பக்கம் என்று கூடுதல் விலை சொல்லும் ‘ப்ரிஃபர்ட்’ அறையைத் தாராளமாகத் தவிர்க்கலாம். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நிமிட நடை பெரிதல்ல.

ஆறு பேருக்கு மேல், அல்லது தினமும் சோறு பொங்கியாக வேண்டும் என்றால், கிஸ்ஸிமியில் 192ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் வாடகை வீடுகள் உண்டு. ஓட்டல் அறைகளில் ரைஸ் குக்கர், மின்னடுப்பு வைக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். வீட்டில் அடுப்பும் துணி துவைக்கும் இயந்திரமும் இருக்கும். ஆனால் துப்புரவுக் கட்டணம் மொத்தமாக ஒரு முறை வரும். மூன்று இரவுக்கு அது சுமை, ஏழு இரவுக்குத் தெரியாது. டிசம்பர், ஜனவரியில் குளத்து நீரைச் சூடாக்கத் தினக் கட்டணம் தனி, அதையும் இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். போன அன்றைக்குச் சொன்னால் மறுநாளும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும்.