செம்மண் சேற்றுக்குத் தாங்கும், சத்தம் போடாத பின் ஹப்

மலைப்பாதை சைக்கிளின் பின்சக்கர ஹப்பை (சக்கரத்தின் நடுக்கூடு) ஒருவழியாக மாற்றிவிட்டேன். டிடி ஸ்விஸ் 350, 36 பல் ராட்செட் (மிதித்தால் பிடித்து, மிதிக்காதபோது விட்டுவிடும் பல்வளையம்). சிங்கப்பூரின் செஸ்ட்நட் பூங்காத் தடத்திலும் புலாவ் உபின் தீவில் கேத்தாம் தடத்திலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. இதே தேடலில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கு வேண்டியவை இரண்டு. மழைக்குப் பின் செம்மண் சேற்றில் ஓட்டினாலும் கைவிடக்கூடாது. மிதிக்காமல் உருளவிடும்போது கடகடவென்று கத்தக்கூடாது. காலையில் செஸ்ட்நட் போனால் துடுப்புவால் கரிச்சான் கூவும்; அது காதில் விழ வேண்டும். பிரேக் டிஸ்க் உரசுவதும் கேபிள் தளர்ந்து ஆடுவதும் கூட ஹப் அமைதியாக இருந்தால்தான் கேட்கும். நடப்பவர்களை எச்சரிக்கச் சத்தமான ஹப்பே நல்லது என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிதித்துக்கொண்டே வந்தால் எந்த ஹப்பும் கத்தாது. மணி எதற்கு இருக்கிறது?

பழைய ஹப்புக்குள் ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகள். அவை பல்வளையத்தில் தட்டித் தட்டி விழுவதுதான் அந்தச் சத்தம். கெட்டி கிரீஸ் பூசிப் பார்த்தேன், சத்தம் நன்றாகவே அடங்கியது. ஆனால் கிரீஸ் அதிகமானால் நாக்கு சட்டென்று எழாது; ஏற்றத்தில் முழுப் பலத்தோடு அழுத்தும்போது பிடி வழுக்க வாய்ப்புண்டு. வேர்கள் நிறைந்த ஏற்றத்தில் எனக்கு அது வேண்டாம்.

சத்தமே வராத ஹப் என்றால் ஆனிக்ஸ் நிறுவனத்துடையது. உள்ளே நாக்கும் இல்லை, பல்லும் இல்லை; சாய்ந்து நின்று இறுகும் உலோகத் துண்டுகள்தான் பிடித்துக்கொள்கின்றன. மிதித்த கணமே பிடிக்கும். எடையும் விலையும் என் கைக்கு அதிகம். ஷிமானோவும் 2018இல் எக்ஸ்டிஆர் எம்9100 வரிசையோடு சத்தமற்ற ஹப் ஒன்றை அறிவித்தது, அப்புறம் கைவிட்டது. அவர்களுடைய சாதாரண எக்ஸ்டி ஹப் நல்ல பொருள், அடக்கமாகவும் ஓடும். ஆனால் உதிரிக் குண்டு பேரிங். கோன் ஸ்பேனரோடு (அதற்கான மெல்லிய ஸ்பேனர்) உட்கார்ந்து இறுக்கம் பார்க்கும் பொறுமை வேண்டும்.

350ஐ எடுக்க வைத்தது அதன் எளிமை. எதிரெதிராக இரண்டு பல்வளையங்கள், அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங், அவ்வளவுதான். மிதித்தால் எல்லாப் பற்களும் ஒன்றாகப் பிடிக்கின்றன. பாரம் ஓரிரண்டு நாக்கின் மேல் விழுவதில்லை. சக்கரத்தைக் கழற்றி, கேசட்டை (பின்பக்கப் பற்சக்கர அடுக்கு) பிடித்து நேராக இழுத்தால் அதைத் தாங்கும் ஃப்ரீஹப் கையோடு வந்துவிடும், கருவி எதுவும் தேவையில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய துணியை விரித்து, வளையங்களைத் துடைத்து, பற்களில் டிடி ஸ்விஸின் கிரீஸை மெல்லிசாகத் தடவி மூடினேன். புதுக் கிரீஸோடு கேட்பது தணிந்த கொர்ர் மட்டும். கிரீஸ் காயக் காயச் சத்தம் ஏறும். திறந்து துடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அதுவே சொல்லிவிடும்.

36 பல் என்றால் 10 டிகிரிக்கு ஒரு பிடி. இண்டஸ்ட்ரி நைனின் ஹைட்ரா ஹப்பில் அது 0.52 டிகிரி. செங்குத்தான இடத்தில் பெடலை அரைச்சுற்று பின்னுக்கு எடுத்து மிதிக்கும்போது அந்தப் 10 டிகிரி இடைவெளி காலுக்குத் தெரிகிறது. மற்ற நேரத்தில் தெரியவே இல்லை. பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அந்த இடைவெளி நல்லதும்கூட, பெடல் காலைப் பின்னுக்கு உதைப்பது குறையும். கேத்தாமில் கூட வந்த தம்பி, "அண்ணே, நீங்க பின்னாடி வர்றதே தெரியல" என்றான். சரி, மணியைக் கட்டை விரல் எட்டும் இடத்துக்கு நகர்த்திவிட்டேன்.

வாங்குமுன் அச்சின் அகலம் (என்னுடையது 148 மி.மீ.), ஸ்போக் துளைகளின் எண்ணிக்கை, டிஸ்க் மாட்டும் முறை, கேசட் மாட்டும் ஃப்ரீஹப் வகை மைக்ரோ ஸ்ப்ளைனா, ஸ்ராமின் எக்ஸ்டியா (XD; ஷிமானோ XT அல்ல), எச்ஜியா என்பதைச் சரிபாருங்கள். முன் ஹப்பில் ராட்செட்டே கிடையாது, பேரிங்கும் சுத்தமாகச் சுழல்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.