நம்பர் த்ரீ பெரியப்பா

பெரியப்பா போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே பையன்கள் கடைத்தெருவில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் படத்தில் அவருக்குப் பின்னால் நிற்பது போஃபர்ஸ் பீரங்கி. அதை வாங்க நம் அரசாங்கம் கையெழுத்துப் போட்டதே 1986-இல். அதற்கு முன்பே பெரியப்பா பென்ஷனில் வந்து குடமுருட்டிக் கரையில் குறுவைக்கு நாற்று விட ஆரம்பித்துவிட்டார்.

பட்டாளத்தில் அவர் கையாண்டது 25 பவுண்டர் என்கிற பீரங்கி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் சரக்கு. குண்டு 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம். 12 கிலோமீட்டர் போகும். ஒரு பீரங்கிக்கு ஆறு பேர். வேலை நடக்கும்போது யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். முதலில் குண்டை இடித்து உள்ளே தள்ளுவார்கள், அப்புறம் மருந்துக் கேஸ் தனியாகப் போகும். கேஸுக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பை. கிட்டத்தில் விழ வேண்டுமென்றால் சிவப்பு மட்டும், எட்டிப் போக வேண்டுமென்றால் மூன்றும். பெரியப்பா நம்பர் த்ரீ. குறி வைக்கிறவர்.

"எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்று பொங்கலுக்கு வருகிற மாப்பிள்ளைகள் கேட்காமல் போனதில்லை.

"ஒருத்தனையும் பார்த்ததில்ல மாப்ளே. நான் பார்த்ததெல்லாம் ரெண்டு குச்சி."

கிண்டல் இல்லை, நிஜம். பீரங்கிக்குக் கொஞ்ச தூரத்தில் சிவப்பும் வெள்ளையும் அடித்த குச்சிகளை நட்டுவைப்பார்கள். உத்தரவில் வந்த நம்பரை, குறி பார்க்கிற சைட்டில் வைத்து, அந்தக் குச்சி நேராகத் தெரியும்வரை குழலைத் திருப்ப வேண்டும். எதிரி மரங்களுக்கு அப்பால் எங்கேயோ. அவனைப் பார்க்கிறவர் காலாட்படையோடு முன்னால் போயிருக்கிற ஓ.பி. ஆபீசர், அதாவது கண்காணிப்பு அதிகாரி. குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவர் வயர்லெஸ்ஸில் கூட்டச் சொல்வார், குறைக்கச் சொல்வார். ஃப்ளெக்ஸில் போட்டிருக்கிற 'எதிரிகளின் சிம்ம சொப்பனம்' எல்லாம் பெரியப்பாவுக்குச் சிரிப்பு மூட்டியிருக்கும்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், அவர் ரெஜிமெண்ட் இன்றைய வங்கதேசத்தில் ஜெசூர் பக்கம். நெல் அறுத்த வயல்கள். நம்ம தாளடி வயல் கணக்காக, மேலே காய்ந்து உள்ளே களி. பீரங்கியோ ஏறக்குறைய 1.8 டன். சக்கரத்துக்கு அடியில் ஒரு வட்டத் தட்டு உண்டு, அதன் மேல் ஏற்றிவிட்டால் எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் தட்டு ஒரு பக்கம் அமுங்கினால் போச்சு, ஒவ்வொரு குண்டுக்கும் குறியை மறுபடி பார்க்க வேண்டும். ஹவில்தார் சேலத்துக்காரர், மேட்டுக் கொல்லை மனுஷர், சேறு தெரியாது. "ஏய் தஞ்சாவூரு, எங்கய்யா நிறுத்தலாம்?" என்று இவரைத்தான் கேட்பாராம். இவர் குதிகாலால் மிதித்துப் பார்த்து இடம் சொல்வார். போரைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னது இது ஒன்றுதான். அந்தப் போருக்குக் கிடைத்த பூர்வி ஸ்டார் மெடலைப் பற்றிக் கேட்டால்கூட, "அது அங்க போன எல்லாருக்கும் குடுத்தான்" என்று முடித்துவிடுவார்.

7-ஆம் தேதி ஜெசூர் கைக்கு வந்தது. அங்கிருந்த பாகிஸ்தான் படை பெரும்பாலும் முன்பே கிளம்பிவிட்டிருந்தது. பிறகு குல்னா சாலை. டாக்காவில் அவர்கள் சரணடைந்தது 16-ஆம் தேதி, குல்னாவில் மறுநாள்தான். "அன்னிக்குத்தான் குளிச்சேன்" என்பார்.

காது அங்கேயே போய்விட்டது. அந்த நாளில் பஞ்சு வைத்துக்கொண்டால் உண்டு. பெரியம்மா ஐம்பது வருஷமாகக் கத்திப் பேசியே குடும்பம் நடத்தினாள். தெருவுக்கே எங்கள் வீட்டுக் கணக்கு வழக்கு தெரியும்.

அவர் டைரியில் 'நம்பர் டூ, பாலக்காடு' என்று ஒரு போன் நம்பர் இருந்தது. போட்டேன். எடுத்தவருக்கும் காது கேட்கவில்லை. நான் கத்த, அவர் கத்த, கடைசியில் மகள் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார். கருமாதிக்கு வருகிறாராம். வேண்டாம், உடம்பு தாங்காது என்று மகள் சொல்வதும், அவர் மலையாளத்தில் சத்தம் போடுவதும் கேட்டது. காரைக்கால் வண்டியில் டிக்கெட் போட்டாயிற்று. தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு நான்தான் போகிறேன்.