புது ஈக்குப் பெயர் வைக்கும் முன்

கோஸ்டாரிகாவின் சுர்க்கி மலைக்காட்டில் வெறும் நான்கு ஹெக்டேர் நிலத்தில் ஓராண்டு பொறி வைத்துப் பிடித்ததில் 4,332 சிற்றினங்கள் தேறின. எல்லாமே ஈ, கொசு வகைகள் அடங்கிய இருசிறகி வரிசையைச் சேர்ந்தவை. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரத்தில்கூட மெகாசீலியா என்ற ஒரே பேரினத்தில் 30 புதிய சிற்றினங்களை 2015-ல் விவரித்தார்கள். ஆகவே பெயரில்லாத ஈ கைக்குக் கிடைப்பது அரிதல்ல. ஏற்கெனவே பெயர் பெற்ற ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றில் எதுவும் அது அல்ல என்று காட்டுவதில்தான் உழைப்பெல்லாம் போகிறது.

புதுசு என்று தோன்றியவுடன் முதலில் சந்தேகிக்க வேண்டியது நிறத்தை. கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறி, மெத்தென்று இருக்கும். அதே ஈ கெட்டிப்பட்ட பிறகு கருப்பாகும். ஆல்கஹாலில் பல மாதம் கிடந்தாலும் நிறம் போகும். குதிரை ஈக்களின் கண்ணில் ஓடும் பச்சை, ஊதாப் பட்டைகள் காய்ந்ததும் மறைந்துவிடும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சந்தேகம் உடல் அளவு. புழுப் பருவத்தில் தீனி குறைந்தால் ஈயும் சின்னதாகிவிடும். ஆணும் பெண்ணும் வேறு வேறாகத் தெரியும் குடும்பங்களும் உண்டு. ஆணுக்கு இரு கண்களும் நடுவில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு விலகியிருக்கும். இது தெரியாமல் ஒரே ஈக்கு இரண்டு பெயர் வைத்த கதை பழைய நூல்களில் நிறைய.

மாதிரி நன்றாக இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் நடக்காது. டி.என்.ஏ. வேண்டுமென்றால் 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். ஆனால் அதில் உடல் விறைத்து, தொட்டால் கால் ஒடியும். உருவத்தை மட்டும் பார்ப்பதற்கு 70 முதல் 80 சதவீதம் போதும். ஆல்கஹாலிலிருந்து எடுத்து அப்படியே காற்றில் காயவிட்டால் கண்ணும் வயிறும் உள்ளே அமுங்கிப்போகும். சுத்த எத்தனாலுக்கு மாற்றி, பிறகு எச்.எம்.டி.எஸ். (ஹெக்சாமெத்தில்டைசிலசேன்) திரவத்தில் அரை மணி நேரம் வீதம் இரண்டு முறை ஊறவைத்து, புகைபோக்கி அறையில் ஆவியாக விட்டால் உருவம் குலையாது. அந்த ஆவி நச்சு, தீப்பற்றவும் செய்யும். திறந்த மேசையில் இந்த வேலை வேண்டாம்.

ஊசியை மார்பின் நடுக்கோட்டில் குத்தக் கூடாது. சற்று வலப்பக்கம் தள்ளிக் குத்தினால் இடப்பக்க முள்மயிர்கள் முழுசாகத் தப்பும். ஊசி தாங்காத சின்ன ஈயை முக்கோணக் காகித நுனியில் பக்கவாட்டில் ஒட்டுங்கள். ஒரு சொட்டின் கால்வாசிப் பசை போதும். அதிகமானால் அடையாளம் காட்டும் மயிர்களே பசைக்குள் புதைந்துவிடும். மயிர் உதிர்ந்திருந்தாலும் பதற வேண்டாம். 40 மடங்கு பெரிதாக்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மயிர் நின்ற இடத்தில் விளிம்போடு கூடிய வட்டக் குழி தெரியும். மெல்லிய துணை மயிர்களின் குழி ஊசிமுனைப் புள்ளிபோல இருக்கும். பெரிய முள்மயிரின் குழி அதைவிடப் பல மடங்கு அகலம். குழியை எண்ணி, மயிர் உதிர்ந்திருப்பதையும் விவரணையில் எழுதிவிட வேண்டும். "மயிர் இல்லை" என்று எழுதுவது வேறு, "மயிர் உதிர்ந்தது" என்று எழுதுவது வேறு.

பெரும்பாலான குடும்பங்களில் தீர்ப்புச் சொல்வது ஆணின் பிறப்புறுப்புதான். வெளியே அச்சுவார்த்ததுபோல ஒன்றாயிருக்கும் இரண்டு சிற்றினங்கள் அங்கே தெளிவாக விலகி நிற்கும். வயிற்று நுனியை நுண்ணிய கத்தரியால் வெட்டி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், அதாவது 100 மில்லிக்கு 10 கிராம், போட்டு வெந்நீர்த் தொட்டியில் சூடாக்குங்கள். கொதிக்கவிடாதீர்கள். சின்ன ஈக்கு ஐந்து நிமிடமே போதும், குதிரை ஈ அளவுக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகலாம். இரண்டு மூன்று நிமிடத்துக்கொரு முறை பார்க்க வேண்டும். உள்ளே தசை வெள்ளைப் பஞ்சுபோல் தளர்ந்து, ஓரத்தை அழுத்தினால் வெளியே வரும். உறுப்பின் கெட்டியான தகடுகள் இன்னும் தேன் நிறத்தில் இருக்கும். நிறுத்த வேண்டிய நேரம் அதுதான். விட்டால் தகடுகளும் கண்ணாடிபோல் ஆகி, எங்கே எது முடிகிறது என்றே தெரியாது. அப்படி ஆகிவிட்டால் குளோரசோல் கருப்புச் சாயம் ஓரளவு காப்பாற்றும். பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் சில நிமிடம், தண்ணீரில் ஒரு அலசு, கடைசியில் கிளிசரின். காரத்தைப் போக்காமல் கிளிசரினுக்கு மாற்றினால் குப்பிக்குள்ளேயே கரைசல் தன் வேலையைத் தொடரும்.

இடப்பக்கம், மேல், கீழ் என மூன்று கோணத்தில் வரையுங்கள். வீட்டு ஈ முதலான உயர்வகைகளில் இந்த உறுப்பு வளர்ச்சியின்போது 360 டிகிரி சுழல்வதால் உள்ளே இடம் வலம் சமச்சீராக இருக்காது. ஒரு பாதியை வரைந்து மறுபாதியைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாக்கி ஒட்டுவது பொய்ப்படம். வரைந்து முடித்ததும் உறுப்பைக் கிளிசரின் குறுங்குப்பியில் போட்டு அதே ஊசியில் ஈயின் கீழே குத்திவிடுங்கள். தனியாக வைத்த குப்பி ஒருநாள் ஈயைப் பிரிந்தே தீரும்.

இனி ஒப்பீடு. பலரும் அவசரப்படுவது இங்கேதான். பேரினத்தின் எல்லாப் பெயர்களையும் பட்டியலிடுங்கள். செல்லாதென ஒதுக்கிய பெயர்களையும் சேர்த்து. மறுபெயர் என்று யாரோ தள்ளிவைத்தது உங்கள் ஈயாகவே இருக்கலாம். முதல் விவரணைகள் லத்தீனிலும் ஜெர்மனிலும் மூன்றே வரியில் இருக்கும். அதைப் படித்து முடிவுகட்ட முடியாது. மூல மாதிரியை, அதாவது அந்தப் பெயரை வைத்தபோது ஆதாரமாகக் கொண்ட ஈயையே, அருங்காட்சியகத்திலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது தேவையான கோணத்தில் படம் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பெட்டிகளிலேயே பெயரில்லாத ஈக்களும் கிடக்கும். பொன்னிற வயிறு கொண்ட ஆஸ்திரேலியக் குதிரை ஈ ஒன்று 1981-ல் பிடிபட்டது. பாடகி பியோன்சே பெயரில் அது விவரிக்கப்பட்டது 2011-ல்.

பார்கோடு என்று சொல்லும் சி.ஓ.ஐ. மரபணுத் துண்டு 658 டி.என்.ஏ. எழுத்துகள் நீளம். ஆணையும் பெண்ணையும் சேர்த்துவைக்க அது அருமையான கருவி. ஆனால் வேறுபாடு இத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்துப் புதிது என்று அறிவிப்பதை நான் ஏற்பதில்லை. பழைய மூல மாதிரிகள் பலவற்றுக்குப் பார்கோடு கிடையாது, ஒப்பிட எதுவும் இருக்காது.

எழுதும்போது வேறுபாட்டுக் குறிப்பில் அதிக நேரம் செலவிடுங்கள். எந்தச் சிற்றினத்தோடு குழம்பும், எந்த மயிரால், எந்த இறக்கை நரம்பால் பிரிக்கலாம் என்று நான்கைந்து வரி. நீண்ட விவரணை தலை, மார்பு, இறக்கை, கால், வயிறு, பிறப்புறுப்பு என்ற வரிசையில் போகட்டும். அளவுகளைச் சராசரியாக மட்டும் தராமல் சிறியது, பெரியது, எத்தனை மாதிரி என்று தாருங்கள். ஹோலோடைப்பின், அதாவது புதுப் பெயருக்கு ஆதாரமாக நீங்கள் தேர்ந்த ஒற்றை மூல மாதிரியின், லேபிளை எழுத்துப் பிசகாமல் பெயர்த்தெழுதுங்கள்.

விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி 1999-க்குப் பிறகு வெளியாகும் புதுச் சிற்றினப் பெயருக்கு ஹோலோடைப் எது (அல்லது இணை மூல மாதிரிகள் எவை), எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 2015-ல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றைப் பாதுகாத்த மாதிரி இல்லாமல் புகைப்படங்களைக் கொண்டே விவரித்தபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. படத்தில் பிறப்புறுப்பைத் திறந்து பார்க்க முடியாதே. மின்வடிவில் மட்டும் வரும் இதழானால் வெளியாகும் முன்பே விலங்கியல் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்க்கில் பதிந்து, பதிவுக்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். அது விடுபட்டால் பெயர் செல்லாது.

பெயர் எந்த மொழிச் சொல்லாகவும் இருக்கலாம், தமிழானாலும் சரி. லத்தீன் எழுத்தில், மேற்குறிகள் இல்லாமல் எழுத வேண்டும். பெயரடையானால் பேரினத்தின் பாலோடு பொருந்த வேண்டும். மஸ்கா பெண்பால், அதனால்தான் டொமெஸ்டிகா. ஓர் ஆணின் பெயரை வைத்துச் சிறப்பித்தால் இகர ஈறு (-i), பெண்ணை என்றால் "ஏ" ஈறு (-ae). தன் பெயரையே வைக்க விதி தடுக்கவில்லை, வழக்கம் தடுக்கிறது. அதே பேரினத்தில் அந்தப் பெயர் முன்பு வந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். கட்டுரை வெளியாகும்வரை அந்தப் பெயரைப் புகைப்படத்தின் கீழோ சுவரொட்டியிலோ போட வேண்டாம். விவரணை இல்லாமல் உலவும் வெறும் பெயர் பின்னால் வருகிறவர்களைப் பல ஆண்டு குழப்பும்.

அச்சானதும் ஹோலோடைப்பில் சிவப்பு லேபிளும், விவரணையில் அதோடு சேர்த்துக் குறிப்பிட்ட மற்ற மாதிரிகளான பாராடைப்புகளில் மஞ்சளும் குத்துங்கள். பாராடைப்புகளை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து அனுப்புங்கள். வயிறு வெட்டிய மாதிரி எது, டி.என்.ஏ.வுக்குக் கால் எடுத்த மாதிரி எது என்று ஒவ்வொன்றின் ஊசியிலும் சிறு சீட்டு இருக்கட்டும்.