டோங்கரிரோ பயணக் குறிப்புகள்: செப்டம்பர் பனிக்கு முன்னேற்பாடு

ஏப்ரல் 12

முதலில் மாதம் முடிவாக வேண்டும். நியூசிலாந்தில் பருவம் தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். ருவாபேஹு எரிமலையில் பனிச்சறுக்குப் பருவம், பனி விழுவதைப் பொறுத்து, ஜூன் கடைசி முதல் அக்டோபர் வரை நீளும். பக்கத்து டோங்கரிரோ எரிமலையைக் கடந்து போகும் பெயர்பெற்ற ஒரு நாள் நடைக்கோ நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். இரண்டும் ஒரே பயணத்தில் முழுமையாகக் கிடைக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜூலைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, சாதாரண ஷூவோடு மலைக்குப் போய் நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

செப்டம்பர் நடு வாரங்களையே தேர்ந்தெடுத்திருக்கிறோம். பனி ஆழமாக இருக்கும், பகல் நீண்டிருக்கும். மாதக் கடைசியில் அங்கே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும், பிறகு மலைச்சாலையில் வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

மே 3

எத்தனை நாள்? சறுக்க இரண்டு நாள், நடக்க ஒரு நாள். ஆனால் தங்குவதற்கு ஆறு இரவு. இது ஆடம்பரமல்ல. தாஸ்மன் கடலிலிருந்து வரும் மேல்காற்று நேராக இந்த மலையில்தான் மோதுகிறது. வானம் தெளிவாக இருந்தாலும் காற்று பலமாக அடித்தால் சறுக்குபவர்களைக் கம்பியில் மேலே தூக்கிச் செல்லும் உயரத்து லிஃப்ட்டுகள் ஓடாது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த மேகத்துளி கம்பிகளில் பட்டதும் கெட்டிப் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும், அதைத் தட்டி எடுத்து முடிப்பதற்குள் பாதிநாள் போய்விடும். மூன்று இரவுத் திட்டம் போட்டவர்களுக்குப் பல சமயம் மலை கண்ணிலேயே படாது.

ஆக்லாந்திலிருந்தும் வெலிங்டனிலிருந்தும் காரில் நான்கு, நான்கரை மணி நேரம். வண்டி ஓடுவது நம் ஊர் போல இடப்பக்கம். ருவாபேஹுவின் வடமேற்குச் சரிவிலுள்ள ஃபாகபாபா சறுக்குத் தளத்தில் புதிதாகப் பழகுபவர்களுக்கு அகலமான, சாய்வு குறைந்த இடம் உண்டு. தென்மேற்கிலுள்ள இன்னொரு தளமான டூரோவாவின் உச்சி லிஃப்ட் 2,300 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே நீண்ட இறக்கங்கள். முதல் நாள் ஃபாகபாபா, கால் பழகியபின் டூரோவா என்று வைத்திருக்கிறோம். டூரோவாவுக்கு ஒஹகூனே ஊரில் தங்குவது வசதி. அங்கிருந்து மலைச்சாலை 17 கிலோமீட்டர்.

ஜூன் 21

இன்று வாடகை வண்டி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பனியில் வழுக்காமலிருக்க டயர்ச் சங்கிலி மாட்ட அனுமதி உண்டா? சில ஒப்பந்தங்களில் கிடையாது. நான்கு சக்கர இழுவை இருந்தாலும் சங்கிலி கையில் இருக்க வேண்டும். எஞ்சின் இழுக்கும் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும், முன்சக்கர இழுவை என்றால் முன்னால். மாட்டி நூறு மீட்டர் ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். அதை விட்டால் சங்கிலி தளர்ந்து சக்கர வளைவில் அடிக்கும், பிரேக் குழாயையும் அறுக்கும். வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகுவது நல்லது. பனியில் விரல் விறைத்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது.

டீசல் வண்டியானால் மலையடி ஊரிலேயே நிரப்ப வேண்டும். தாழ்நிலத்து டீசல் கடுங்குளிரில் மெழுகாகித் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். இரவில் கை பிரேக் போடாமல் கியரில் நிறுத்துவது நல்லது, ஈரமான பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும்.

ஜூலை 19

நடையைப் பற்றி. மாங்கடேபோபோவில் 1,120 மீட்டரில் தொடங்கி, சிவப்புப் பள்ளம் என்ற எரிமலை வாயின் விளிம்பில் சுமார் 1,870 மீட்டர் உயரத்துக்கு ஏறி, கெடெடாஹி பக்கம் 760 மீட்டருக்கு இறங்கும் பாதை, ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கோடையில் ஏழெட்டு மணி நேரம். தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு என்பதால் பேருந்துச் சேவை தேவை.

செப்டம்பரில் இது நடைப்பாதையே அல்ல, பனிமலை ஏற்றம். காலணி அடியில் மாட்டும் கூர்முள் சட்டமான கிராம்பானும் பனிக்கோடரியும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கவும் வேண்டும். சிவப்புப் பள்ளத்திலிருந்து மரகத ஏரிகளுக்கு இறங்கும் சரிவு கோடையில் சறுக்கும் சரளை, குளிர்காலத்தில் கண்ணாடி போன்ற பனி. அங்கே வழுக்கினால் தடுத்து நிற்க எதுவும் இல்லை. பனிச்சரிவு அபாயமும் உண்டு. அதனால் வழிகாட்டியோடு மட்டுமே என்று முடிவு. வானிலை ஒத்துவராவிட்டால் மாற்று: ஃபாகபாபா கிராமத்திலிருந்து டரானகி அருவிச் சுற்று. 6 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அருவி 20 மீட்டர் உயரம், பழைய லாவாப் பாறை விளிம்பிலிருந்து விழுகிறது. மேலே மூட்டமாக இருக்கும் நாளிலும் பார்க்கலாம்.

இந்தச் சிகரங்கள் 1887-இல் ங்காட்டி டூஃபாரேடோவா என்ற மாவோரிக் குடி மக்களின் தலைவர் ஹோரோனுகு அரசிடம் கையளித்தவை. அவர்களுக்கு இவை முன்னோர். ஏரிநீரைத் தொட வேண்டாம், பாதையோரத்து எரிமலையான ங்கௌருஹோயியின் உச்சியில் ஏற வேண்டாம் என்று கேட்கிறார்கள். அப்படியே நடந்துகொள்வோம்.

ஆகஸ்ட் 16

எரிமலை எச்சரிக்கை நிலை 0 முதல் 5 வரை. நியூசிலாந்தின் நிலநடுக்க, எரிமலைக் கண்காணிப்பு அமைப்பான ஜியோநெட் வெளியிடுகிறது. ருவாபேஹுவுக்கு 1 என்று பார்த்ததும் பதற வேண்டாம், பெரும்பாலான காலம் அதுதான் நிலை. 2 ஆனால் திட்டத்தை மாற்ற வேண்டும். ஆனால் நிலை உயராமலேயே வெடிப்பு வரக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

உச்சியில் ஒரு வெந்நீர் ஏரி இருக்கிறது. சிறு வெடிப்பு வந்தாலும் அந்த நீர் பனியையும் சாம்பலையும் வாரிக்கொண்டு சேற்றுவெள்ளமாகப் பள்ளத்தாக்கில் பாயும். 2007 செப்டம்பர் 25 இரவில் வெடித்தபோது ஃபாகபாபா சறுக்குப் பகுதிவரை அது வந்தது. நாம் போகும் அதே மாதம். சைரன் ஒலித்தால் கீழ்நோக்கிச் சறுக்கி ஓடக் கூடாது, வெள்ளமும் அதே வழியில்தான் வரும். பக்கவாட்டில் நகர்ந்து மேட்டு முகட்டில் ஏறி நிற்க வேண்டும். ஒவ்வொரு சரிவிலும் இறங்கும் முன் பக்கத்து முகடு எது என்று ஒருமுறை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 6

மூட்டை கட்டும் நாள். பருத்தி ஒன்றும் வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத அங்கி. கையுறை இரண்டு ஜோடி. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல், வழியில் குடிக்கும் நீர் கிடையாது. சறுக்கு பூட்ஸை வாடகைக்கு எடுக்கும்போது ஒரே ஒரு ஜோடி காலுறை போட்டுப் பார்க்க வேண்டும். முழங்கால் மடக்கினால் குதிகால் எழும்பக் கூடாது. இரண்டு காலுறை போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும்.

நடைக் காலணியின் அடியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவியாயிற்று. நியூசிலாந்துக்குள் நுழைவதற்கான அறிவிப்புப் படிவத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். மண் ஒட்டிய காலணியை மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். புளிக்காய்ச்சல், ஊறுகாய்ப் பாட்டில்களையும் அதே படிவத்தில் எழுதியாக வேண்டும்.