மாமாவின் டிவிக்கு நான் பார்த்த வைத்தியம்

பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனதும் முதலில் கண்ணில் பட்டது புது 55 அங்குல டிவி. அதில் ஓடிக்கொண்டிருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம், நேற்று எடுத்த சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மோஷன் ஸ்மூத்திங்!

சினிமா என்றால் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். அது போதாதென்று இந்த டிவிகள் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே தாமாகவே ஒன்றைக் கற்பனை செய்து சொருகிவிடும். கிரிக்கெட்டுக்குச் சரி. படத்துக்கு, ரசத்தில் சர்க்கரை போட்ட கதைதான். தயவுசெய்து இதை அணைத்துவிடுங்கள் என்று 2018இல் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே வீடியோ போட்டார். பறக்கிற விமானத்தில் தொங்குகிற மனுஷனுக்கே பொறுக்கவில்லை, எனக்கு எப்படிப் பொறுக்கும்?

ராத்திரி எல்லோரும் படுத்ததும் ரிமோட்டை எடுத்தேன். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் சூட்டி, மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைத்திருக்கும். தேடி அலுத்துப்போய் கடைசியில், படத்தை எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடைப் போட்டேன். வழுக்கல் நின்றது. திரை கொஞ்சம் மங்கி, லேசாக மஞ்சள் பாய்ந்தது. அதுதான் சரியான நிறம், சத்தியமாக.

காலையில் மாமா செய்தி பார்க்க உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"ஏன்டி, இந்தப் பொண்ணுக்குக் காமாலையா?"

"டிவியில ஒண்ணுமில்ல, உங்க கண்ணுலதான் கோளாறு" என்றாள் அத்தை. மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். இட்லி சூடாக இருந்தது.

சாயங்காலம் பஸ் ஏறியதும் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் பெருமையடித்தேன்: "மாமா டிவியை ராத்திரியோட ராத்திரியா ரிப்பேர் பண்ணிட்டேன்டா. பாவம், அவருக்குத் தெரியவே தெரியாது."

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். மேலே நண்பன் பெயர் இல்லை. 43 பேர் உள்ள குடும்ப குரூப்.

பதறாமல் செய்தால் அழிப்பது சுலபம். நான் பதறினேன். 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' அழுத்துவதற்குப் பதில் 'டெலீட் ஃபார் மீ' அழுத்திவிட்டேன். உடனே அன்டூ செய்யலாம்தான், ஆனால் அதற்குச் சில நொடிதான் அவகாசம். அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். முன் சீட்டுக் கம்பியிலிருந்து நெற்றியை எடுத்து நிமிர்ந்தபோது மெசேஜ் என் போனிலிருந்து மட்டும் மறைந்திருந்தது. மற்ற 42 போனிலும் பத்திரமாக இருந்தது. யார் யார் படித்தார்கள் என்று பார்க்கக்கூட வழியில்லை. அதற்கும் அந்த மெசேஜ் வேண்டும்.

பத்து நிமிடம் கழித்து மாமா 'டைப்பிங்' என்று வந்தது. மாமா ஒற்றை விரலால் தட்டுகிறவர். செங்கல்பட்டு தாண்டியும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மாப்ளே, நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். கேன்சல் பண்ணிடவா?"