இடக்கை நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 12, திங்கள்

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க்கணுக்களை அகற்றி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பின்னர் கொடுத்த கதிர்வீச்சு அங்கிருந்த தழும்பை இறுக்கிவிட்டது. திசுக்களில் ஊறும் நிணநீர் வடிய வழியின்றித் தேங்கி, முழங்கைக்குக் கீழே இடக்கையின் சுற்றளவு மற்றதைவிட 6 செ.மீ. பருத்திருக்கிறது. இன்று விரலிடுக்குகளில் பச்சைச் சாயத்தை ஊசியால் செலுத்தி, நிணநீரோடு அது ஓடும் வழியை அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தார்கள். நல்ல கையில் மெல்லிய கோடுகளாக மேலேறிய சாயம், இடக்கையில் மணிக்கட்டைத் தாண்டியதும் கலைந்து தோலுக்கடியில் பரவி நின்றுவிட்டது. நிணநீர்க் குழாய்களைச் சிரைகளோடு நேரடியாக இணைக்க வழியில்லை என்றும், கணுக்களையே இடம் மாற்றுவதுதான் பொருத்தம் என்றும் மருத்துவர் கூறினார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலில் முள் குத்திப் புண்ணானால், தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்பார் அம்மா. அந்த நெறிதான் நிணநீர்க்கணு. அதைச் சுற்றிய கொழுப்போடும் தமனி, சிரையோடும் ஒரு திசு மடலாக வெட்டியெடுத்து அக்குளில் பதித்தால், அது அங்கே தேங்கிய நீரை உறிஞ்சித் தன் சிரை வழியே வடிக்கும். நாளடைவில் புதிய நிணநீர்க் குழாய்களும் அதிலிருந்து கிளைக்கலாம். பாரிஸின் கொரின் பெக்கர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு சிகிச்சை பெற்ற 24 பெண்களில் 10 பேருக்குக் கை இயல்பான சுற்றளவுக்குத் திரும்பியது, 12 பேருக்கு வீக்கம் குறைந்தது, இருவருக்கு மாற்றமில்லை. அந்த இருவரையே மனம் சுற்றிச் சுற்றி வருகிறது.

அதைவிடப் பெரிய அச்சம் காலைப் பற்றியது. தொடையிடுக்கிலிருந்து கணுக்களை எடுத்தால், அரிதாக அந்தக் காலே வீங்கிவிடக்கூடும். கும்பகோணத்தில் யானைக்கால் நோயோடு வாழ்ந்த என் பாட்டி, இரவுதோறும் விரலிடுக்குகளைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டே படுப்பார். அதைப் பார்த்து வளர்ந்த என்னால் ஒரு காலைப் பணயம் வைக்க முடியவில்லை. இதைச் சொன்னதும், இரைப்பையின் கீழே திரைபோல் தொங்கும் கொழுப்பிலிருந்து லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது வயிற்றில் சிறு துளைகள் வழியே, கணுக்களை எடுக்கலாம் என்று மருத்துவர் இசைந்தார்.

மார்ச் 7, வியாழன்

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். ஏழு மணி நேரம் ஆனதாம். அக்குளின் தழும்பை அகற்றி அங்கே மடலை வைத்து, அதன் நாளங்களை நுண்ணோக்கியின் கீழ் முடியைவிட மெல்லிய இழையால் தைத்திருக்கிறார்கள். செவிலியர் மணிக்கொரு முறை டாப்ளர் கருவியை வைக்கும்போது இரத்தம் பாயும் ஓசை கேட்கிறது. அது கேட்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆறு மாதங்களில் வேறுபாடு 6 செ.மீ.யிலிருந்து 3.5 ஆகியிருக்கிறது. முன்பு ஆண்டுக்கு மூன்று முறையாவது கை சிவந்து, குளிர்காய்ச்சலோடு மருத்துவமனையில் படுக்க நேரும். இந்த ஆறு மாதங்களில் ஒருமுறைகூட வரவில்லை. எனக்கு அளவைவிட இதுவே பெரிது. வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் அணியும் அழுத்த உறையை இன்னும் விட முடியாது. பழையது தளர்ந்துவிட்டதால், நாளை புதியதற்கு அளவு கொடுக்கப் போகிறேன்.