ஒரே ஒரு கட்டை

“விதி சரிதான் அண்ணா. நமக்கு அது போதுமா?”

என் மாணவி இப்படிக் கேட்டபோது, புதிய பூஞ்சை இனம் ஒன்றுக்குப் பெயர் வைக்கும் எங்கள் கட்டுரை ஏறக்குறைய முடிந்திருந்தது. கொடிமலையில் விழுந்து கிடந்த ஒரு கட்டையின் அடிப்புறத்தில், சுண்ணாம்பு பூசினாற்போல் ஒட்டிக்கிடந்த பூஞ்சை அது. கண்டெடுத்தவளே அவள்தான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சீவலை வைத்துப் பார்த்தோம். தடித்த சுவருள்ள சிஸ்டிடியா என்னும் மலட்டுச் செல்கள், அவற்றின் நுனியில் படிகங்கள், அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் நிறம் மாறாத வித்துகள். பூஞ்சை இனங்களைப் பிரித்தறியப் பார்க்கும் ஐடிஎஸ் என்ற மரபணுப் பகுதியின் வரிசையும் தனிக் கிளையாக நின்றது. பெயர் வைத்துவிடலாம் என்றேன்.

“ஒரே கட்டைதானே, இன்னொன்று கிடைக்கும்வரை பொறுக்கலாமே” என்றாள். ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி, ஒன்றிருந்தால் போதும், அதை உலர் மாதிரிகளைக் காக்கும் ஹெர்பேரியத்தில் வைத்து, 2013 முதல் கட்டாயமான பதிவு எண்ணையும் வாங்கிவிட்டால் பெயர் செல்லும் என்று விளக்கினேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

என் பக்கம் நியாயம் உண்டு. உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று 2017இல் கணித்தார்கள். பெயர் பெற்றவை சுமார் ஒன்றரை லட்சம்தான். பெயரில்லாத ஒன்றைக் காப்பாற்றச் சொல்லி யாரிடம் கேட்பது? கட்டையும் நமக்காகக் காத்திருக்காது. லிக்னினைத் தின்னும் அந்தப் பூஞ்சையே அதை மக்க வைத்துவிடும்.

ஆனால் அவள் பக்கமும் கனமானது. வித்தின் நீளம் ஒரே இனத்துக்குள் மாதிரிக்கு மாதிரி மாறும். காய்ந்தால் நிறம் மாறும். நான் ‘இந்த இனத்தின் இயல்பு’ என்று எழுதியதில் எத்தனை அந்த ஒரு கட்டையின் இயல்பு? மரபணு இருக்கிறதே என்று சொல்லிக்கொள்வேன். அப்புறம், வரிசை 97 சதவீதம் ஒத்திருந்தால் ஒரே இனம் என்று பலர் போடும் கோடு எல்லாப் பேரினத்துக்கும் பொருந்தாது என்பதும் நினைவுக்கு வரும். மாணவி என்பதால் அவள் பேச்சைச் சீக்கிரம் முடித்துவைத்தேனோ என்றும் தோன்றுகிறது. இல்லை, மூத்தவன் ஒருவன் முடிவெடுக்கத்தான் வேண்டும்.

கட்டுரை வெளியானது. ‘மாதிரி எடுத்த இடத்திலிருந்து மட்டுமே அறியப்படுகிறது’ என்ற வரியை அவள்தான் சேர்க்கச் சொன்னாள், சேர்த்தேன். எழுதியதிலேயே நான் முழுமையாக நம்பும் வரி அது.

மலைக்குப் போகும்போதெல்லாம் அவள் கட்டைகளைப் புரட்டிப் பார்க்கிறாள். இரண்டாவது மாதிரி இன்னும் அகப்படவில்லை. பூஞ்சையின் இழைகள் மரத்துக்குள்ளேயே இருக்கும், பூச்சு வெளியே தெரியும் காலம் கொஞ்சம்தான் என்கிறேன். உண்மைதான் அது. அவளுக்காகச் சொல்கிறேனா, எனக்காகவா என்பதுதான் பிடிபடவில்லை.